"சைட்டுக்கு ஏதோ ஆயிடுச்சு சார்": கலைஞர்கள், சபாக்களின் இணையதளக் கோளாறுகளும் கைவைத்தியமும்

நவம்பர் கடைசி வாரம் வந்தால் என் போன் ஓயாது. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத இணையதளத்தைச் சீசனுக்கு முன்னால் ஒருநாள் திறந்து பார்ப்பார்கள், ஏதாவது ஒன்று உடைந்திருக்கும், உடனே "சார், சைட்டுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று ஒரு அழைப்பு. என்ன ஆச்சு என்று கேட்டால் தெரியாது. நடனக்காரர்கள், பாடகர்கள், சபாக்கள், இரண்டு ஓவியர்கள், ஒரு தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) என்று சென்னையில் பதினைந்து வருஷமாக இவர்களுக்குத்தான் சைட் செய்து தருகிறேன். திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே தலைப்பாகப் போட்டு, எங்கே பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ நேராக அங்கே போய்விடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் மூன்று காரியம். ஒன்று, இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அதில் சரியாகத் தெரிந்தால் உங்கள் பிரவுசர் பழைய பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு, வைஃபையை அணைத்துவிட்டு வேறொருவர் போனில், மொபைல் டேட்டாவில் பாருங்கள். மூன்று, கடைசியாக இதில் கை வைத்தது யார், எப்போது என்று கேளுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் கோடிங் தப்பு ரொம்பக் குறைவு. சாவி யாரிடம் இருக்கிறது, அன்றாடம் யார் தொடப் போகிறார்கள் என்று ஆரம்பத்திலேயே யாரும் கேட்காமல் விட்டதுதான் முக்கால்வாசி.

"சைட்டே திறக்கல"

திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். மூன்று விதமாகத் திறக்காமல் இருக்கும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வந்தால், சைட் பத்திரமாக இருக்கிறது, இணைப்பைப் பூட்டிக் காக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழ்தான் காலாவதி. லெட்ஸ் என்கிரிப்ட் தருகிற இலவசச் சான்றிதழ் 90 நாளைக்குத்தான், தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஹோஸ்டிங் பேனலுக்குள் (சைட் இருக்கிற சர்வரின் கட்டுப்பாட்டுப் பக்கம்) போய் ஒருமுறை கையால் புதுப்பித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி இதே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தானியங்கிப் புதுப்பிப்பு உடைந்திருக்கிறது, ஹோஸ்டிங்காரரிடம் சொல்ல வேண்டும். போனில் தேதி தப்பாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். ஒரு மிருதங்க வித்வானுக்காக அரை நாள் சர்வரைக் குடைந்த பிறகு அவர் போன் நான்கு வருஷம் பின்னால் நின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன்.

வெள்ளைப் பக்கமோ 500 என்ற எண்ணோ வந்தால், அது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய சைட்டாக இருந்தால், நேற்று யாரோ ஏதோ ஒரு பிளகினை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற துணை நிரல்) அப்டேட் செய்திருக்கிறார்கள், அல்லது அதுவே செய்துகொண்டிருக்கிறது. ஹோஸ்டிங் பேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, பிளகின்கள் இருக்கிற ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். சைட் வந்துவிட்டால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறான். வேர்ட்பிரஸுக்குள் பிளகின் பக்கத்தை ஒருமுறை திறந்தால் எல்லாம் அணைந்துவிடும்; பிறகு பெயரைப் பழையபடி ஆக்கிவிட்டு, ஒவ்வொரு பிளகினாக இயக்கிக் கண்டுபிடியுங்கள்.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கும். சைட் இருந்த இடத்தில் விளம்பரப் பலகை, இல்லையென்றால் ஆன்லைன் சூதாட்டம். டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், காலாவதியாகிவிட்டது. உடனே ஹூஇஸ் என்ற டொமைன் விவரத் தேடலில் பெயரைப் போட்டு முடிவு தேதியைப் பாருங்கள். டாட் காம் என்றால், தேதி முடிந்த பிறகும் பெயரை விற்ற கம்பெனி அதிகபட்சம் 45 நாள் வரை பொறுக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதத்தோடு திரும்ப வாங்கலாம். அதன்பின் ஐந்து நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சூதாட்டக்காரர்கள் அந்த ஐந்து நாளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள், ஏனென்றால் இருபது வருஷம் ஓடிய ஒரு நாட்டியப் பள்ளியின் முகவரிக்குக் கூகுளிடம் நல்ல பெயர் இருக்கும்.

நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் லாகின் இல்லையா? அதுதான் சகஜம். ஒரு பள்ளியில், டொமைனை வாங்கியது மாணவி ஒருவரின் அண்ணன். வாங்கும்போது கொடுத்தது அவருடைய பழைய ஆபீஸ் மெயில். நினைவூட்டல் கடிதமெல்லாம் அந்தச் செத்த மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரைத் தேடிப் பிடித்து, அடையாள அட்டை அனுப்பி, மாற்றி எழுத மூன்று வாரம் ஆனது. அப்படி வராமலிருக்க இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள்: டொமைன், ஹோஸ்டிங், யூடியூப் சேனல், கூகுள் கணக்கு நான்கும் அமைப்பின் பெயரில் உள்ள ஒரே மெயிலில் இருக்கட்டும், பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம் இருக்கட்டும். என்னைப் போன்ற டிசைனரின் மெயிலில் இருக்கவே கூடாது. நான் நாளைக்கு லாரியில் அடிபட்டால் உங்கள் சபா என்ன செய்யும்?

"தமிழ் எழுத்து உடைஞ்சு தெரியுது"

எப்படி உடைந்திருக்கிறது என்பதில்தான் விஷயம். உற்றுப் பாருங்கள்.

தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஜோடி, மறுபடி அதே ஜோடி என்று வரிசையாக நின்றால் கவலை வேண்டாம், எழுத்து பத்திரமாக உள்ளே இருக்கிறது. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) சேமித்ததைப் பழைய லத்தீன் குறியாக்கமாக யாரோ படிக்கிறார்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். அதில் முதல் இரண்டு பெரும்பாலும் ஒன்றே, அதனால்தான் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவித்திருக்கிறதா, டேட்டாபேஸ் இணைப்பும் அதேபோல் இருக்கிறதா என்று பார்த்தால் தீரும்.

எல்லாம் கேள்விக்குறியாக நின்றால் நிலைமை வேறு. டேட்டாபேஸ் தமிழை ஏற்க முடியாமல் ஒவ்வொரு எழுத்தையும் கேள்விக்குறியாகவே எழுதிவைத்துவிட்டது என்றால் அது திரும்பாது. ஹோஸ்டிங் மாற்றியபோது நடந்திருக்கும். பழைய பேக்கப்பைத் தேடுங்கள்; தேடும்போதே யாரும் புதிதாக எதையும் சேமிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைப்புள்ளியும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக அர்த்தமில்லாத ஆங்கிலம் வருகிறதா? டிடிபி கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரையை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். தமிழக அரசு 1999இல் டாப், டாம் என்று இரண்டு குறியாக்கங்களை ஏற்றது, 2010இல் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு வந்தது. ஆனால் சபா மலர்கள் அடிக்கிற கம்ப்யூட்டர்களுக்கு அந்தச் செய்தி எல்லா இடத்திலும் போய்ச் சேரவில்லை. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு கட்டாயம் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஏனென்றால் நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் அந்தக் கருவி தமிழென்று நினைத்து மாற்றிவிடும். ஒரு பாடகரின் வாழ்க்கைக் குறிப்பில் அவருடைய மெயில் முகவரி முழுசாகத் தமிழாகி, ஆறு மாதம் அப்படியே கிடந்தது.

கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு நிற்கிறதா? இரண்டு இடம் பாருங்கள். பிடிஎஃப் அழைப்பிதழிலிருந்து வரிகளைக் காப்பி செய்து ஒட்டினால் இப்படி வரும், காரணம் பிடிஎஃபில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கும், "கொ" என்பதில் கொம்பு முன்னால் வந்துவிடும். திரும்ப டைப் அடிப்பதே சீக்கிரம். இன்னொன்று, முகப்பில் பெயர் ஒவ்வொரு எழுத்தாகப் பறந்து வந்து சேர்கிற அனிமேஷன். அந்த நிரல் ஆங்கிலத்துக்காக எழுதியது. "கோ" என்ற ஒரே எழுத்தை ககரமாகவும் துணைக்குறியாகவும் இரண்டாக வெட்டிவிடும். நாட்டியக்காரர் சைட்டில் எழுத்தும் ஆட வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எடுத்துவிடுங்கள். ரொம்ப ஆசையென்றால் எழுத்தெழுத்தாக வேண்டாம், சொல் சொல்லாக வரச் சொல்லுங்கள்.

படமாகச் செய்த பேனரில் இந்தக் கொம்புக் கோளாறு வந்தால் அது இணையதளத்தின் தப்பே இல்லை. போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் வேர்ல்ட்-ரெடி என்ற அமைப்பை இயக்காமல் தமிழ் அடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, எழுத்து உடையவில்லை, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. "கூ த் து" என்று இடைவெளி விட்டுத் தலைப்பு நிற்கும், அல்லது மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும். வாங்கிய தீம் (சைட்டின் ஆயத்தத் தோற்றம்) ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக லெட்டர்-ஸ்பேசிங், அதாவது எழுத்திடைவெளி, வைத்திருக்கும். தமிழுக்கு அதைப் பூஜ்யமாக்குங்கள். வரி உயரமான லைன்-ஹைட்டை 1.7 பக்கம் கொண்டுவாருங்கள். தமிழ் எழுத்துருவை நீங்கள் தராவிட்டால் விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்தத் தடிமனுக்கான எழுத்துரு ஃபைலையும் சேர்த்து ஏற்றுங்கள், இல்லையென்றால் பிரவுசர் தானே தடிமனாக்கும், ணகரமும் ஞகரமும் மை கொட்டியது போலாகிவிடும்.

"ஓவியம் நேர்ல இருக்கிற மாதிரி இல்ல"

தஞ்சாவூர் ஓவியம் செய்கிற ஒருவர் சொன்னது இது. கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகு, ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில், போன் ஃபிளாஷோடு எடுத்த படங்கள். தங்க ரேக்கு ஒட்டிய இடமெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது, கண்ணன் கன்னத்தில் டியூப்லைட் தெரிந்தது, கண்ணாடியில் அவர் லுங்கியும் தெரிந்தது. சைட்டில் எதைத் திருத்தியும் பயனில்லை, படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

சட்டம் போடுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். வெயில் நேராக விழாத வராந்தாவில் காலை பத்து மணி வெளிச்சமே போதும். விளக்கு வைத்துத்தான் எடுப்பேன் என்றால் இரண்டு விளக்கு, இரண்டு பக்கமும் 45 டிகிரியில், ஃபிளாஷ் கிடையாது. கேமரா ஓவியத்தின் நடுவுக்கு நேராக நிற்கட்டும். ரேக்கின் பளபளப்பு ஒரே படத்தில் பிடிபடாது. நேராக ஒன்று, ஓரத்திலிருந்து வெளிச்சம் விழும்படி ஒன்று, மகுடத்தை மட்டும் நெருங்கி ஒன்று என்று மூன்று போட்டால் பார்ப்பவருக்குப் புடைப்பு புரியும்.

போட்டோகிராபர் எடுத்த நல்ல படமே சைட்டில் சோகையாகத் தெரிந்தால் வண்ண வெளியை, அதாவது நிறத்தை எண்ணாக்கும் முறையைப் பாருங்கள். அவர் அடோபி ஆர்ஜிபியில் கொடுத்திருப்பார், வழியில் எங்கோ அந்தக் குறிப்பு உதிர்ந்திருக்கும். இணையத்துக்கு ஏற்ற எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி ஏற்றுங்கள். அச்சுக்கு அனுப்பிய சிஎம்ஒய்கே ஃபைலை அப்படியே ஏற்றினாலும் நிறம் கன்னாபின்னாவென்று வரலாம். ஐபோனிலிருந்து எடுத்த படம் தெரியவே இல்லை என்றால் அது எச்இஐசி வடிவம், ஜேபெக்காக மாற்றுங்கள்.

இதே பக்கத்தில் நான் எப்போதும் பார்க்கிற இன்னொரு குறை: படத்துக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. தலைப்பு, ஆண்டு, எதில் வரைந்தது, உயரம் அகலம் எத்தனை சென்டிமீட்டர், இப்போது கைவசம் இருக்கிறதா என்ற ஐந்தும் இல்லாவிட்டால் வாங்க நினைப்பவர் போன் செய்து கேட்க வேண்டும், பாதிப் பேர் செய்யமாட்டார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு ஒருநாள் போய்ச் சுவரில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சின்னச் சீட்டுகளைப் பாருங்கள், உங்கள் சைட்டுக்குத் தேவையானது அந்தச் சீட்டுதான். திருடிவிடுவார்கள் என்று பயந்து ரைட் கிளிக்கைத் தடுப்பது வீண், ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு விநாடி போதும். நீளப் பக்கம் 1600 பிக்சலுக்கு மேல் ஏற்றாதீர்கள், அப்போது திருடியவர் பெரிதாக அச்சிட்டால் பல்லிளித்துவிடும். வீட்டிலேயே எடுத்த படமென்றால் அதற்குள் இருக்கிற இடக் குறிப்பையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

"போன்ல சுத்திக்கிட்டே இருக்கு"

24 மெகாபிக்சல் கேமரா படம் 6000க்கு 4000 பிக்சல், ஒவ்வொன்றும் எட்டு பத்து எம்பி. முகப்பில் அப்படி ஆறு நழுவுகின்றன. வேறு காரணம் தேடவே வேண்டாம். சுருக்கி வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் ஒரு படம் 300 கேபிக்குள் வரும். நழுவுகிற படங்களில் மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, ஒன்றே போதும்.

"ஆறரை மணிக் கச்சேரி ஒரு மணின்னு காட்டுது"

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் சைட் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வையுங்கள். இதை முதல் நாளே செய்ய வேண்டும், பாதி நிகழ்ச்சியை ஏற்றிய பிறகு மாற்றினால் சில பிளகின்கள் ஏற்கெனவே சரியாக இருந்ததையும் நகர்த்திவிடும், ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதுதான். நேரலை ஒளிபரப்பு இருந்தால் பக்கத்தில் மற்ற ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள். டிசம்பரில் சென்னை மாலை 6.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 9, லண்டனில் பிற்பகல் 1, டொரன்டோவில் காலை 8. வெளிநாட்டு ரசிகர்கள் கணக்குப் போட்டுத் தப்பாக வந்து ஏமாந்து எழுதுகிற கடிதங்கள் நான் அப்படி எழுதத் தொடங்கிய அன்றோடு நின்றன.

கூத்து ஜமாவுக்கு வந்த கோளாறு இதைவிட ருசியானது. நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடந்து காலை ஆறுக்கு முடியும். ஜமா வாத்தியாரின் மகன்தான் தேதி ஏற்றுவார். தொடக்கம் இரவு 10, முடிவு காலை 6, தேதி ஒன்றே. முடிவு தொடக்கத்துக்கு முன்னால் இருக்கிறதே என்று நாட்காட்டி முரண்டு பிடிக்க, அவர் மாற்றிப் போட்டுச் சேமித்திருக்கிறார். சைட்டில் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை பதினாறு மணி நேரக் கூத்து! இன்னொரு ஊரில் இரவு பன்னிரண்டு மணி என்று போட்டதில் ஒரு நாளே பிசகிவிட்டது, ஏனென்றால் நம் பேச்சில் சனி ராத்திரி பன்னிரண்டு என்பது கம்ப்யூட்டருக்கு ஞாயிறு பூஜ்யம் மணி.

முடிவு தேதியை மறுநாளாகப் போடச் சொல்லிக் கொடுத்தேன், அது ஒன்று. அதைவிட, வாசகர் பார்க்கிற வரியை நாட்காட்டி தானாகச் செய்ய விடாமல் தனியாக எழுதுகிற கட்டம் ஒன்று வைத்தேன்: "சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு விடியும்வரை." திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் கடைசி இரவு பதினெட்டாம் போர் கூத்து, காலையில் படுகளம் (துரியோதனன் வதைச் சடங்கு). அதைத் தனி நிகழ்ச்சியாக ஏற்றவில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் கூத்து முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள்.

"கூகுள்ல என் பேரைப் போட்டா சைட் வரல"

புது சைட் என்றால் முதலில் வேர்ட்பிரஸில் தேடுபொறிகள் வராமல் தடுக்கும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். கட்டும்போது டிசைனர் டிக் செய்வார், திறக்கும்போது எடுக்க மறப்பார். நானே இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால் பிரவுசர் டேபில் என்ன எழுதியிருக்கிறது? "முகப்பு" என்று இருந்தால் உலகத்தில் உள்ள எல்லா முகப்போடும் போட்டி போடுகிறீர்கள். உங்கள் பெயர், கலை, ஊர் மூன்றும் அங்கே வர வேண்டும். அப்புறம் எழுத்துக்கூட்டல். லட்சுமி, லக்ஷ்மி, லெட்சுமி. ஆங்கிலத்தில் இன்னும் நாலு விதம். இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. சபா நோட்டீஸில் ஒன்று, யூடியூபில் ஒன்று, சைட்டில் ஒன்று என்றால் கூகுள் மூன்று பேர் என்று நினைக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

வாழ்க்கைக் குறிப்பு அழகான பார்டரோடு படமாக இருக்கிறதா? கூகுளுக்கு அது வெறும் படம். எழுத்தாகப் போடுங்கள்.

இதோடு இன்னொரு தலைவலியையும் தீர்த்துவிடலாம். "சபாக்காரர் ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டோ கேக்கறார்" என்பது நான் அதிகம் கேட்ட புலம்பல். தனியாக ஒரு பக்கம் வையுங்கள்: அச்சுக்கு ஏற்ற மூன்று படங்கள், ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயர், 50 சொல்லில் ஒரு குறிப்பு, 150 சொல்லில் ஒன்று, இரண்டு மொழியிலும். எந்த வயதில் அரங்கேற்றம் என்பது 50 சொல் குறிப்பில் வேண்டாம், இப்போது என்ன செய்கிறீர்கள் என்பது வேண்டும். இனி அந்த லிங்க் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகலாம்.

"வாட்ஸாப்ல அனுப்பினா லிங்க் ரயில் மாதிரி நீளுது, படமும் வரல"

நீளத்துக்குக் காரணம் பக்க முகவரியில் தமிழ். காப்பி செய்யும்போது ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். "பரதநாட்டியம்" என்ற ஒரே சொல்லில் 12 குறிகள், 108 எழுத்து. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் சின்னதாக ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பற்றுக்கு அதில் ஒரு குறையும் வராது.

படம் வராததற்கு ஓபன் கிராஃப் படத்தை (லிங்க்கைப் பகிரும்போது காட்டுவதற்காகப் பக்கத்தில் குறிக்கிற படம்) பாருங்கள். முழு முகவரியோடு கொடுத்திருக்க வேண்டும், 1200க்கு 630 அளவில், 300 கேபிக்குள் வைத்தால் எனக்குச் சிக்கல் வந்ததில்லை. திருத்திய பிறகும் பழைய படமே வந்தால், வாட்ஸாப் பிடித்து வைத்திருக்கிறது; முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் ஒரு எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள்.

"சைட் இருக்கு, யாரும் கூப்பிடல"

கூப்பிட்டிருப்பார்கள், உங்களுக்கு வந்திருக்காது. சைட்டில் உள்ள தொடர்புப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள், ஸ்பேம் பெட்டியைத் திறங்கள். அங்கே கிடந்தால், படிவம் அதை நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியிலிருந்தே அனுப்புவதுபோல் பாவனை செய்கிறது, ஜிமெயில் அதை நம்புவதில்லை. அனுப்புநர் உங்கள் டொமைன் மெயிலாகவும் பதில் போக வேண்டிய முகவரி நிரப்பியவருடையதாகவும் இருக்கட்டும். டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் குறிப்புகள்) இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள், 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இதில் கறாராகிவிட்டது.

ஆனால் கூத்துக்குத் தேதி கேட்கிற ஊர்ப் பெரியவர் படிவம் நிரப்பமாட்டார். அவருக்கு எண் வேண்டும், தொட்டால் போன் போக வேண்டும். வாட்ஸாப் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் எண்ணைப் பாருங்கள்: 91 போட்டு உடனே பத்து இலக்கம், கூட்டல் குறியும் கூடாது, நடுவில் பூஜ்யமும் கூடாது.

"போட்டிருந்த வீடியோ காணோம்"

திறந்ததும் தம்பூரா ஒலிக்கிற பழைய முகப்பு என்றால் அது ஃபிளாஷ். 2020 டிசம்பர் 31ஓடு அதற்கு ஆதரவு முடிந்தது. உள்ளே முக்கியமான பதிவு இருந்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். தம்பூராவைத் திரும்ப ஒலிக்கவைக்க வேண்டாம், பஸ்ஸில் திறப்பவர் பதறிப்போவார்.

யூடியூப் பெட்டி கறுப்பாக இருந்தால், யாருடைய சேனலிலிருந்து எடுத்தீர்கள்? சிஷ்யை அழித்திருப்பார், அல்லது உரிமை கோரல் வந்திருக்கும். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கிருதி எல்லோருக்கும் பொது. ஆனால் அதைப் பாடி வெளியான கேசட்டின் ஒலிப்பதிவு கம்பெனியுடையது, நீங்களே பாடியிருந்தாலும் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பாபநாசம் சிவன் மறைந்தது 1973, இங்கே உரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு, ஆக அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை கணக்கு உண்டு. மூலப் பதிவை ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டு உங்கள் சொந்தச் சேனலில் ஏற்றுங்கள்.

"டொனேஷன் பட்டன் வெச்சோம், ஆடிட்டர் திட்டறார்"

நியாயமாகத்தான் திட்டுகிறார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் டிரஸ்டுக்குப் பணம் தந்தால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளிநாடுவாழ் மாமா தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது இதில் வராது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருக்கிற அத்தை அனுப்பினால் வரும். பதிவு இல்லையென்றால் சர்வதேசக் கார்டை அணைத்துவையுங்கள், படிவத்தில் குடியுரிமையைக் கேளுங்கள், வருமான வரிச் சலுகை ரசீதுக்குப் பான் எண் கட்டமும் வையுங்கள். மீதியை ஆடிட்டரிடமே கேளுங்கள்.

"இன்னும் போன வருஷ நிகழ்ச்சிதான் நிக்குது"

பாஸ்வேர்ட் மறந்திருக்கும், அல்லது உள்ளே போனால் முப்பது மெனு பார்த்துப் பயந்து வெளியே வந்திருப்பார்கள். தேதி கடந்ததும் நிகழ்ச்சி தானாகப் பழையவை பட்டியலுக்குப் போகும்படி வையுங்கள், எதுவும் இல்லாத மாதங்களில் "அடுத்த நிகழ்ச்சி" என்ற பெட்டியே மறைந்துவிடட்டும். அதற்கப்புறம், யார் ஏற்றப் போகிறார்களோ அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், அவருக்கு ஏற்கெனவே எது தெரியும் என்று பாருங்கள்.

ஒரு சபாவின் செயலர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர், வேர்ட்பிரஸ் என்றாலே கையை எடுத்துக் கும்பிடுவார். ஆனால் எக்ஸெல் ஷீட்டில் அவர் விரல் ஓடுவதைப் பார்க்க வேண்டும். கூகுள் ஷீட்டில் தேதி, நேரம், பாடுபவர், பக்கவாத்தியம், டிக்கெட் என்று ஐந்து பத்தி போட்டுக் கொடுத்து, சைட் அதிலிருந்தே படிக்கும்படி செய்துவிட்டேன். போன மார்கழியில் வயலின்காரருக்குக் காய்ச்சல். மதியம் இரண்டு மணிக்கு வேறொருவர் பெயர் சைட்டில் மாறியிருந்தது. எனக்கு மறுநாள்தான் தெரியும்.